தங்கப்பாண்டியின் இடது முட்டி

கமுதிக்குத் தெற்கே ஒரு ஊரில் முளைப்பாரித் திருவிழாவை ஒட்டி மின்னொளி கபடி நடந்தது. அங்கேதான் ஜுமானா முதல்முறையாகத் தங்கப்பாண்டி எதிரணிக் களத்துக்குள் கபடி பாடிப் போவதைப் பார்த்தாள். எதிரே ஏழு பேர் அரைவட்டமாகக் கைகோத்து நின்றார்கள். அவன் அவசரப்படவே இல்லை. சந்தையில் காய்கறி விலை கேட்கிறவன் மாதிரி இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருந்தான். பிறகு இடது காலை ஊன்றினான். இடுப்பு ஒரு பக்கம் போக, ஆள் மறுபக்கம் போனான். ஓரத்தில் நின்றவன் தொடப்பட்டதே தெரியாமல் வெறும் காற்றை அணைத்தபடி விழுந்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்ற தங்கப்பாண்டி, கால்சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

கூட்டம் விசிலடித்தது. ஜுமானாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடது காலை அவளுக்குத் தெரியும். அதே மாதிரி ஒரு திருப்பத்தில்தான் அதன் உள்ளே இருந்த ஜவ்வு அறுந்தது. அறுந்த கால் வீங்கிப்போய் ராமநாதபுரத்துக்கு வந்தபோது அதைத் தொட்டுப் பார்த்தவர்களில் அவளும் ஒருத்தி.

அவள் ராமநாதபுரத்தில் ஓர் எலும்பு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறவள். படிப்பை முடித்து வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. எதையும் ஒழுங்காகச் செய்வாள். செய்ததை உடனே சந்தேகப்படுவாள். வீட்டைப் பூட்டிவிட்டு முக்கு வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். நோயாளியின் காலை எவ்வளவு மடக்கலாம் என்று அளந்து எழுதிய பிறகு, அந்த ஆளை மறுபடி கூப்பிட்டு அளப்பாள். "ஏ புள்ள, அந்த மனுசன் காலு என்ன துணியா, அளக்க அளக்க நீளுறதுக்கு?" என்று டாக்டர் முருகலட்சுமி கேலி செய்வார்.

டாக்டர் முருகலட்சுமி கட்டையான ஆள். ஆபரேஷன் மேசை அவருக்கு உயரம். கீழே ஒரு பலகையைப் போட்டு அதில் ஏறி நின்றுதான் செய்வார். ஆனால் முழங்காலுக்குள் கேமராவை விட்டு அவர் வேலை செய்வதைப் பார்க்க மதுரையிலிருந்து படிக்கிற பிள்ளைகள் வருவார்கள். அவர் கை அதிகம் அசையாது. தேவையான அளவு மட்டும் அசையும். ஜுமானா அவரை வியந்து பார்ப்பாள். அந்த வியப்போடு கூடவே, நமக்கெல்லாம் இப்படி வருமா என்ற பயமும் வரும்.

அறுந்த ஜவ்வு தானாக ஒட்டாது. உடம்பில் வேறு இடத்திலிருந்து ஒரு நாரை எடுத்து அங்கே பூட்ட வேண்டும். எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் எலும்பு டாக்டர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. முட்டிச்சில்லுக்குக் கீழே ஓடுகிற நாரை, இரு முனையிலும் துளி எலும்போடு பெயர்த்து எடுப்பது ஒரு முறை. தொடையின் பின்பக்கம் இருக்கிற மெல்லிய நார்களை உருவி, மடித்து, ஒன்றாக்கிப் பூட்டுவது இன்னொன்று. கணுக்காலின் வெளிப்புறத்திலிருந்து எடுப்பதும் உண்டு. ஆஸ்பத்திரிப் பேச்சில் இவை முன் நார், பின் நார், கணுக்கால் நார்.

டாக்டர் முதல் இரண்டையும்தான் நிறையச் செய்திருந்தார். ஒருநாள் ஜுமானாவைக் கூப்பிட்டு, பெரிய ஊர்களில் பெரிய ஆட்டக்காரர்களுக்கு எது நல்லது என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, நம்மிடம் வருகிறவன் பகலில் மூட்டை தூக்கிவிட்டுச் சாயங்காலம் கட்டாந்தரையில் ஆடுகிறவன், அவனுக்கு எது நல்லது என்று நீ போய்ப் பார்த்து வந்து சொல் என்றார். அவரே போயிருப்பார். அவருக்கு ஆபரேஷன் மேசையை விட்டு நகர நேரமில்லை.

ஜுமானா ஊர் ஊராகப் போனாள். ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்ட ஆட்டக்காரர்களை ஒற்றைக் காலில் தாவச் சொன்னாள். நாடாவைப் போட்டு அளந்தாள். ஓடச் சொல்லி, நிற்கச் சொல்லி, திரும்பச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொருவரிடமும் வலி இருக்கிறதா என்று கேட்டாள். முன் நார் வைத்தவர்கள் நன்றாகத் தாவினார்கள். அவர்களில் பெரும்பாலோர் களத்துக்குத் திரும்பியிருந்தார்கள். பின் நார் வைத்தவர்களும் மோசமில்லை, ஆனால் ஒரு படி கீழே. முன் நார் எடுத்தால் முட்டி போடும்போது வலிக்கும் என்று புத்தகம் சொல்கிறதே என்று அதையும் கேட்டாள். ஒருவர்கூட வலிக்கிறது என்று சொல்லவில்லை. "ச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல தங்கச்சி" என்றான் முன் நார் வைத்திருந்த தங்கப்பாண்டி. மற்றவர்களும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார்கள்.

தன் நாடாவைச் சந்தேகப்பட்டவள், தன் கணக்கைச் சந்தேகப்பட்டவள், இந்த ஒரு பதிலை மட்டும் சந்தேகப்படவில்லை.

இந்தச் சமயத்தில்தான் தாஹா வந்தான். மண்டபத்துக்குப் பக்கத்தில் வேதாளைக்காரன். விசைப்படகுகளில் ஜி.பி.எஸ்.ஸும், ஆழமும் மீன்கூட்டமும் காட்டுகிற எக்கோ கருவியும் பூட்டித் தருவது அவன் தொழில். மாலையானால் கடற்கரைத் திடலில் பந்து. ஒரு ஆட்டத்தில் இடது காலை ஊன்றி வலது காலால் உதைக்கப் போனவன், உதைக்காமலே விழுந்தான். ஜவ்வு முழுசாக அறுந்திருந்தது.

டாக்டர் எல்லா முறையையும் அவனுக்கு எடுத்துச் சொன்னார். முன் நார் வைத்தால் ஆட்டத்துக்குத் திடமாக இருக்கும், ஆனால் முட்டியைத் தரையில் ஊன்றினால் வலிக்கலாம் என்று புத்தகத்தில் இருக்கிறது என்றார். தாஹா யோசித்தான். ஐந்து வேளையும் தொழுகிறவன். நெற்றியைத் தரையில் வைக்கிற சஜ்தாவுக்கு முட்டிதான் முதலில் தரையைத் தொடும். பள்ளிவாசலில் பின்வரிசை ஓரத்தில் நாற்காலி போட்டுத் தொழுகிற பெரியவர்களைப் பார்த்திருக்கிறான். இருபத்தைந்து வயதில் அந்த வரிசைக்குப் போவதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பந்தை விடவும் முடியவில்லை.

யாரோ சொல்லி, தங்கப்பாண்டியைத் தேடிக் கமுதிப் பக்கம் போய்விட்டு வந்தான். வந்தபோது முகம் விளக்கேற்றினாற்போல் இருந்தது. ஜுமானாவை அவன் அக்கா முறையில் லாத்தா என்றுதான் கூப்பிடுவான். "அண்ணன்கிட்ட நேராக் கேட்டுட்டேன் லாத்தா. முட்டி போட்டா வலிக்குதான்னு. ஒண்ணுமே இல்லங்குறாங்க. எனக்கும் அதே வச்சிருங்க."

டாக்டர் ஜுமானாவைப் பார்த்தார். "நம்ம கணக்குலயும் அப்படித்தான் மேடம், வலின்னு ஒருத்தரும் சொல்லல" என்றாள் ஜுமானா. சொல்லிவிட்டு நோட்டைத் திறந்து கூட்டலை மறுபடி ஒரு தடவை சரிபார்த்தாள். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. முன் நார் என்று முடிவாயிற்று.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் அவளுக்குக் கமுதியில் வேலை இருந்தது. தங்கப்பாண்டியை ஒரு தடவை கடைசியாகப் பார்த்துவிட்டால் அவன் கணக்கு முடிந்துவிடும். அவன் வீட்டில் இல்லை. களத்தில் இருக்கிறான் என்றார்கள். ஊருக்கு வெளியே பொதுக் களத்தில் குண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. தரை தெரியாமல் பரப்பியிருந்த மிளகாய் வெயிலில் கண்ணைப் பறித்தது. காற்றில் காரம் ஏறியிருந்தது. தங்கப்பாண்டியின் மனைவி மாரிச்செல்வியும் இன்னும் நாலைந்து பெண்களும் சோடை போன வெள்ளை வற்றலைப் பொறுக்கி ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். தங்கப்பாண்டி கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான்.

தாவச் சொன்னாள். தாவினான். அளந்தாள். போன தடவையைவிட அதிகம். மகிழ்ச்சியோடு அவனைப் பாராட்டிக்கொண்டிருக்கும்போதே மேற்கே ஓர் இருட்டு எழுந்தது. கோடை மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. முதல் சொட்டு விழுந்ததும் பெண்கள் எழுந்து ஓடினார்கள். நனைந்த மிளகாய் கறுத்துப்போகும். ஒரு போகமே போச்சு. தார்ப்பாயை இழுக்கிறவர்கள் ஒரு பக்கம், மிளகாயைக் கூட்டிக் குவிக்கிறவர்கள் ஒரு பக்கம். எல்லாரும் முட்டிபோட்டு, இரண்டு கையாலும் வாரி வாரி அள்ளினார்கள். ஜுமானாவும் பையைத் தூக்கி எறிந்துவிட்டு முட்டிபோட்டாள். துப்பட்டாவை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அள்ளினாள்.

தங்கப்பாண்டியும் பாய்ந்து வந்தான். வந்த வேகத்தில் இரண்டு முட்டியையும் தரையில் ஊன்றினான்.

ஜுமானா எதிரே இருந்தாள். அவன் முகம் ஒரு நொடியில் மாறியதைப் பார்த்தாள். பல்லைக் கடித்தபடி இடது முட்டியை மட்டும் தரையிலிருந்து எடுத்தான். பிறகு அந்தக் காலைப் பக்கவாட்டில் கட்டை மாதிரி நீட்டிக்கொண்டு, வலது முட்டியில் நகர்ந்து நகர்ந்து அள்ளினான். களத்தில் எல்லாரையும்விட அவன் வேகம் குறைவு. ஏழு பேருக்குள் புகுந்து வருகிறவன், மிளகாய் அள்ளுகிற ஆத்தாமாருக்குப் பின்னால் தடுமாறினான்.

தார்ப்பாய் மூடப்பட்டு ஓரங்களில் கல் வைக்கப்பட்டதும் மழை பலத்தது. எல்லாரும் பக்கத்தில் இருந்த மோட்டார் அறைக்குள் ஒண்டினார்கள். காரத்தில் எல்லாருக்கும் தும்மல். ஜுமானா மெதுவாகக் கேட்டாள், வலிக்கிறதா என்று. "மண்ணு வழுக்கிருச்சு" என்றான் அவன்.

மாரிச்செல்வி முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தாள். "அவர்ட்ட கேட்டா எங்குட்டு சொல்லுவாரு? ஆபரேசன் பண்ணுன நாள்லருந்து அந்த முட்டிய ஒருநா தரையில வச்சதில்ல. களத்துக்கு வந்தா வாளி, கோயிலுக்குப் போனா தூணு. கட்டுன பொண்டாட்டி எனக்கே அவரு வாயால சொல்லல, நானாப் பாத்துத்தான் தெரியும். கபடிக்காரன் காலு வலிக்கிதுன்னு சொன்னா அது நாளைக்கே பக்கத்தூரு டீக்கடையில இருக்கும்ல. அடுத்த ஆட்டத்துல அந்த முட்டியத்தான புடிப்பாங்க?"

ஜுமானாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவள் போய்ப் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கபடிக்காரர்கள். எங்கே வலிக்கிறது என்று சொல்லாமல் இருப்பதை மூச்சைப் பிடிக்கப் பழகிய அன்றே பழகியவர்கள். அவர்களிடம் போய் வலிக்கிறதா என்று கேட்டு, இல்லை என்றதைக் கணக்கில் சேர்த்திருக்கிறாள். அவளே அன்றாடம் தொழுகைப் பாயான முசல்லாவில் முட்டி வைத்து எழுகிறவள். இவர்களில் ஒருவனையாவது, அண்ணே, ஒரு தடவை முட்டி போட்டுக் காட்டுங்கள் என்று சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

தாஹாவின் பேரைச் சொன்னாள். நாளைக் காலையில் ஆபரேஷன் என்றாள். அவன் எதற்காக இங்கே வந்து அந்தக் கேள்வியைக் கேட்டான் என்பதையும் சொன்னாள்.

தங்கப்பாண்டி வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தத் தம்பி பந்து வெளையாடத்தான் கேக்குதுன்னு நெனச்சேன்" என்றான். "தொழுகுறதுக்குன்னு சொல்லலையே." ஆட்டத்துக்கு மட்டும் என்றால் தனக்கு இந்த முட்டியைவிட நல்ல முட்டி வேண்டாம் என்றும், மாற்றித் தருகிறேன் என்றாலும் வாங்க மாட்டேன் என்றும் சொன்னான். போனில் பேசுங்கள் என்று ஜுமானா நம்பரைப் போட்டுக் கொடுத்தாள். அவன் போனை வாங்கவில்லை. "பொய்ய நேர்ல சொன்னேன். நெசத்தையும் நேர்லதான் சொல்லணும். வாரேன், இருங்க" என்று சட்டையை மாற்றப் போனான்.

பஸ்ஸில் ஜுமானா ஜன்னலோரம் உட்கார்ந்து, டாக்டரிடம் என்ன சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாக அமைத்துக்கொண்டே வந்தாள். எந்த வாக்கியமும் நிற்கவில்லை. இத்தனை நாள் நம்பிக் கொடுத்த வேலை. அதில் பாதி தப்பு என்று போய் நிற்க வேண்டும். தங்கப்பாண்டியோ பார்த்திபனூர் வருவதற்குள் தூங்கிவிட்டான்.

வார்டு வாசலில் வந்ததும் தூக்கம் தெளிந்து அவன் அப்படியே நின்றுவிட்டான். தாஹாவின் பக்கத்துக் கட்டிலில் தோளில் கட்டுப்போட்டு ஒருவன் உட்கார்ந்து சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தான். முதுகுளத்தூர்ப் பக்கத்துக் காளீஸ்வரன். போன ஆட்டத்தில் தங்கப்பாண்டிக்கு எதிராகக் கேட்சராக நின்றவன். கணுக்காலைப் பிடித்தால் முதலை பிடித்த மாதிரி என்று அந்த வட்டாரத்தில் பேர். "ஏலே ரைடரு, இங்கன என்ன சோலி?" என்றான் அவன் சந்தோஷமாக.

ஜுமானா தணிந்த குரலில், தாஹாவை வெளியே அழைத்து வரட்டுமா என்று கேட்டாள். தங்கப்பாண்டி காளீஸ்வரனைப் பார்த்தான், தாஹாவைப் பார்த்தான். "வேணாம்" என்று சொல்லிவிட்டுக் கட்டிலருகே போய் நின்றான்.

"தம்பி, ஒன்கிட்ட நான் பொய் சொல்லிட்டேன். முட்டிய ஊண்டுனா வலிக்குது. ஓடுறப்ப இல்ல, திரும்புறப்ப இல்ல, ஊண்டுறப்ப மட்டும். நெருஞ்சி முள்ளு மேல வச்ச மாதிரி இருக்கும். வருசம் ஆகியும் போகல."

சாத்துக்குடி உரிக்கிற சத்தம் நின்றது. "எந்த முட்டி?" என்று காளீஸ்வரன் ஆர்வமாகக் கேட்டான்.

"இடது" என்றான் தங்கப்பாண்டி, திரும்பிப் பார்க்காமல். "நல்லாக் கேட்டுக்க. ஒங்க ஊருல போயி மைக்குல சொல்லு."

காளீஸ்வரன் உரித்த சுளையில் பாதியை எடுத்து அவனிடம் நீட்டினான். ஜுமானா அந்த இரண்டு பேரையும் பார்த்தாள். ஏழு பேருக்கு நடுவில் போய் வந்ததைவிட இதுதான் பெரிய பாட்டு என்று அவளுக்குத் தோன்றியது.

டாக்டர் சாயங்காலச் சுற்றுக்கு வந்தார். ஜுமானா அமைத்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் பறந்துவிட்டன. மழையையும் மிளகாயையும் வாளியையும் தாறுமாறாகச் சொன்னாள். முன் நார் வைத்தவர்களுக்கு வலி இல்லை என்று தான் சொன்னது தப்பு, எத்தனை பேருக்கு வலிக்கிறது என்று தனக்குத் தெரியாது என்று முடித்தாள். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் கையிலிருந்த கேஸ் தாளை மூடி வைத்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரைடர்ட்ட போயி வலிக்குதான்னு கேட்ருக்கோம். பூனைட்ட பாலு குடிச்சியான்னு கேட்ட மாதிரி. நீயாவது சின்னப்புள்ள. நான் இந்தச் சீமையில பொறந்து வளந்தவ, எனக்கு எங்க போச்சு புத்தி?" என்றார். அவ்வளவுதான். பழியில் பாதியை, பாதிக்கு மேலேயே, தன் பக்கம் இழுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

தாஹாவின் முசல்லாவைத் தரையில் விரிக்கச் சொன்னார். தொழ வேண்டாம், நீ எப்படி இறங்குகிறாய், எப்படி இருக்கிறாய், எப்படி எழுகிறாய் என்று மட்டும் காட்டு என்றார். வீக்கம் வற்றிய கால்தான். தாஹா கட்டிலைப் பிடித்து மெதுவாக இறங்கினான். டாக்டர் வெள்ளைக் கோட்டோடு தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார். கன்னம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்து, முட்டியின் எந்த இடம் தரையைத் தொடுகிறது என்று பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அங்கே ஒரு வட்டம் போட்டார். தாஹா தொழுகையின் இருப்பில், இடது காலை மடித்து அதன் மேல் உட்கார்ந்ததும், அவனுடைய இடது கணுக்காலின் வெளிப்புறத்தைத் தொட்டார். இத்தனை வருடம் அந்த எலும்பின் மேல் உட்கார்ந்து உட்கார்ந்து தோல் காய்த்துப் போயிருந்தது. பிறகு, படகில் எப்படி வேலை செய்வாய் என்று கேட்டார். மேல்தட்டு அறைக்குள் முட்டிபோட்டு, பலகைக்கு அடியில் தலையை விட்டு ஒயர் இழுப்பதை அவன் நடித்துக் காட்டினான். எப்படிப் பந்தை உதைப்பாய் என்று கேட்டார். அதை உட்கார்ந்தபடியே கையால் காட்டினான்.

ஜுமானா பார்த்துக்கொண்டே நின்றாள். முட்டியை ஸ்கேனில் பார்க்கிறவர்கள் உண்டு, அளந்து பார்க்கிறவர்கள் உண்டு. ஒரு மனிதனின் நாளை முழுக்க அந்த முட்டியின் பக்கமிருந்து பார்க்கிற ஒருவரை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

"முன் நார எடுத்தா இந்த வட்டத்துலதான் எலும்பத் தோண்டணும்" என்றார் டாக்டர். "கணுக்கால் நார எடுத்தா நீ ஒக்காருற எடத்துலயே தையல் வரும். ரெண்டும் ஒனக்கு வேணாம். பின் நாருல இந்தத் தொல்ல கம்மி. ஆனா ஒன்னய மாதிரி வயசுப் பசங்களுக்கு, திரும்பித் திரும்பி ஓடுறவனுக்கு, மறுபடி அறுந்துபோற வாய்ப்பு அதுல கொஞ்சம் கூட. ஒளிக்க மாட்டேன். அதுக்காக வெளிப்பக்கமா ஒரு பட்டைய வச்சுத் தைக்கலாம், முறுக்குறப்ப அது தாங்கிப் புடிக்கும். மொத எட்டு எடுத்து ஓடுறதுல பழைய வேகம் வருமான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. நீயே சொல்லு."

தாஹா முசல்லாவின் நூலை நிமிண்டிக்கொண்டிருந்தான். "ரெண்டும் வேணும்னு கேட்டா பேராசையா மேடம்?"

"முட்டி ஒண்ணு, அதுக்கு வேல ரெண்டு. கேக்கத்தான் செய்யணும்."

"அப்ப பின்னாலருந்தே எடுத்துருங்க" என்றான் அவன்.

மறுநாள் காலையில் ஜுமானாவும் தியேட்டருக்குள் ஓர் ஓரமாக நின்று பார்த்தாள். பலகை மேல் ஏறி நின்ற டாக்டர், முட்டியின் பின்புற மடிப்பில் ஒரு சிறு வெட்டு வழியாகத் தொடை நாரை உருவி எடுத்தார். ஈரத் துணியில் வைத்து, சதையைச் சுரண்டி, மடித்து, முனைகளைத் தைத்தார். திரையில் மூட்டின் உள்ளே, அறுந்த ஜவ்வின் பழைய வேர் பஞ்சு மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அதே இடத்தைத் தேடித் துளை போட்டுப் புது நாரை இழுத்தார். அது வந்து நின்றதும் காலை மடக்கினார், நீட்டினார், மறுபடி மடக்கினார். திருப்தி இல்லை. கொஞ்சம் தளர்த்தி மறுபடி இழுத்தார். மூன்றாம் தடவைதான் தலையசைத்தார். அப்புறம் வெளிப்பக்கப் பட்டையையும் தைத்து முடித்தார். செய்ததை மறுபடி மறுபடி பார்ப்பது தன் ஒருத்தியின் வியாதி இல்லை என்று ஜுமானாவுக்கு அன்றைக்குத் தெரிந்தது.

கையுறையைக் கழற்றும்போது டாக்டர் சொன்னார்: "எல்லாரையும் மறுபடி ஒரு சுத்து போயிட்டு வா. இந்தத் தடவ கேக்காத. பாரு."

அவள் போனாள். இந்தத் தடவை நாடாவோடு ஒரு பாயையும் கொண்டுபோனாள். அதை விரித்து, முட்டி போட்டு எழுந்து காட்டச் சொன்னாள். முன் நார் வைத்தவர்களில் பலர் வலது முட்டிக்கும் இடது முட்டிக்கும் வித்தியாசம் காட்டினார்கள். சிலருக்கு உண்மையிலேயே ஒன்றுமில்லை. பின் நார் வைத்த ஒருவனுக்குக் குதிகாலைப் பின்னுக்கு இழுக்கும்போது பலம் குறைவு; பந்தயத்தில் அது தெரியும், பாயில் தெரியாது. எது மேல் என்று கேட்டால் இப்போது அவளால் ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. யாருக்கு என்று திருப்பிக் கேட்கத் தோன்றியது. அதுவும் சரிதானா என்று ஒரு சந்தேகம் இருந்தது. டாக்டரிடம் சொன்னபோது, அந்தச் சந்தேகத்தையும் சேர்த்தே எழுது என்றார்.

தாஹாவின் கால் தேற நாளாயிற்று. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எழுவதில் தொடங்கி, கடற்கரை மணலில் நடப்பது, ஓடுவது என்று ஒவ்வொன்றுக்கும் அவனோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. "லாத்தா, ராமேஸ்வரம் பாலமே கட்டி முடிச்சிட்டாங்க, என் முட்டி இன்னும் முடியலயா?" என்பான். அவசரப்பட்டால் அறுந்துபோகும் என்று ஜுமானா விடவில்லை.

மறு வருட ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த பிறகு வேதாளைத் திடலில் பந்தாட்டம். தாஹா களமிறங்குகிறான் என்று டாக்டருக்கும் அழைப்பு வந்தது. ஜுமானாவோடு அவரும் வந்து தென்னை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தங்கப்பாண்டி ஒரு பை நிறையக் குண்டு மிளகாய் வற்றலோடு வந்து சேர்ந்தான்.

காளீஸ்வரன் மைக்கில் சொன்னானா என்று டாக்டர் கேட்டார்.

"மைக்கு எதுக்கு? டீக்கடை போதாதா? சீமைக்கே தெரிஞ்சுபோச்சு" என்றான் தங்கப்பாண்டி. "இப்ப எந்த ஊருக்குப் போனாலும் எல்லாப் பயலும் என் இடது முட்டியத்தான் பாக்குறான். நானும் அதக் காட்டிக்கிட்டே போயி வலது கையில தொட்டுட்டு வந்துர்றேன். முன்னவிட இப்பத்தான் பாயிண்டு கூட வருது மேடம்." டாக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முதல் பாதியில் தாஹா கோல் போடவில்லை. ஒரு தடவை பந்து அவன் காலுக்கு வந்தது. இடது காலை ஊன்றினான். கால் நின்றது. அடித்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது. அதற்குள் பிற்பகல் தொழுகையான அசருக்குப் பாங்கு கேட்டது. நடுவர் இடைவேளை விட்டார்.

பையன்கள் கால்சட்டைக்கு மேல் கைலியைச் சுற்றிக்கொண்டு, குழாயடியில் கை, முகம், கால் கழுவி ஒளுச் செய்துவிட்டுத் திடலின் ஓரத்திலேயே வரிசையாக நின்றார்கள். தாஹா முன்வரிசையில் நின்றான். அதுவரை கடலை கொறித்துக்கொண்டிருந்த டாக்டர் பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டார். வரிசை குனிந்தது, நிமிர்ந்தது, பிறகு கீழே இறங்கியது. இரண்டு முட்டியும் ஒன்றாக மணலைத் தொட்டன. நெற்றி தரையில் கிடந்த நேரத்தில் அவன் முதுகு அசையவே இல்லை. எழுந்தபோது கையை ஊன்றித் தடுமாறவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து எழுந்தான். தங்கப்பாண்டி தன் இடது முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "நல்லா ஊண்டுறான்" என்றான். அவன் குரலில் கொஞ்சமும் பொறாமை இல்லை.

விசில் ஊதியது. தாஹா கைலியை உருவிக் கோல் கம்பத்தில் கட்டிவிட்டு ஓடினான். நடுத்திடலில் பந்து தனியாக உருண்டுகொண்டிருந்தது. அவனும் எதிரணிப் பையன் ஒருவனும் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். அந்தப் பையன் முந்திக்கொண்டான்.

"கெளம்புறப்ப அரை அடி பிந்துறான்" என்றார் டாக்டர்.

"பாத்தேன் மேடம்" என்றாள் ஜுமானா.

தாஹா அதற்குள் திரும்பி, கையைத் தூக்கி, பந்தைத் தன் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தான்.